வெள்ளரி விதை முளைக்காததும், பிஞ்சு உதிர்வதும், காய் கசப்பதும்

கேள்வி இது: வீட்டுத் தோட்டத்தில் ஊன்றிய வெள்ளரி விதையில் பாதிதான் முளைத்தது. முளைத்த கொடிகளில் பூ நிறைய வந்தும் பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்ந்துவிட்டன. தப்பிய இரண்டு மூன்று காய்களும் கசந்தன. அடுத்த முறை விதையிலிருந்தே சரியாகச் செய்வது எப்படி?

இவை மூன்று தனித்தனிக் கோளாறுகள் போலத் தெரியும். பெரும்பாலும் மூன்றுக்கும் அடியில் இருப்பது வெள்ளரியின் ஒரே குணம்தான். விதை ஊன்றிய 50 முதல் 65 நாளில் காய் கொடுக்கத் தொடங்கி, 90, 100 நாளில் ஓய்ந்துபோகும் கொடி இது. அவ்வளவு குறுகிய வாழ்நாளில் நின்று இளைப்பாற அதற்கு நேரம் கிடையாது. குளிர்ந்த மண்ணில் விதை ஒரு வாரம் கிடந்தாலும், நாற்றை மாற்றி நடும்போது வேர் அறுந்தாலும், காய்ப்பு நேரத்தில் இரண்டு நாள் தண்ணீர் தப்பினாலும், கத்தரியோ மிளகாயோ போல அது பிறகு ஈடுகட்டிக்கொள்ளாது. வெள்ளரிக்குத் தடங்கல் ஆகாது. கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையையும் இந்தக் கண்ணோட்டத்தில் பாருங்கள். எதை விடலாம், எதை விடக்கூடாது என்பது தானாகவே புரியும்.

முதலில் விதைப் பையில் என்ன ரகம் என்று எழுதியிருக்கிறது என்பதைப் படியுங்கள். பிஞ்சு உதிர்வதற்கான விடை பாதி நேரம் அங்கேயே இருக்கும். வெள்ளரியில் மூன்று வகை உண்டு. முதல் வகையில் ஒரே கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாகப் பூக்கும். பழைய ரகங்கள், வீட்டில் எடுத்து வைத்த விதைகள் அநேகமாக எல்லாமே இந்த வகைதான். தேனீ வந்தால் காய்க்கும், வராவிட்டால் காய்க்காது. இரண்டாவது, ஏறக்குறைய பெண் பூ மட்டுமே பூக்கும் வீரிய ஒட்டு ரகம். காய் அதிகம்தான், ஆனால் மகரந்தத்துக்கு வேறு கொடி வேண்டும். அதனால்தான் இந்த விதைப் பைகளில் 10 முதல் 15 சதவீதம் வரை ஆண் பூ தரும் வேறு ரக விதையைக் கலந்து வைப்பார்கள். பல சமயம் அதற்கு மட்டும் தனிச் சாயம் பூசியிருக்கும். நிறம் மாறியிருக்கிறதே என்று அந்த விதையை ஒதுக்கிவிட்டு மற்றதை மட்டும் ஊன்றினால், தோட்டம் முழுக்கப் பெண் பூவாகி, பிஞ்சு எல்லாம் மஞ்சளாகிவிடும். மூன்றாவது வகை மகரந்தச் சேர்க்கையே இல்லாமல் காய்க்கும். பையில் ‘பார்த்தினோகார்பிக்’ என்று போட்டிருக்கும். தேனீ எட்டிப் பார்க்காத உயரமான மாடிக்கும், வலைக்குடிலுக்கும், மூடிய பால்கனிக்கும் இதுதான் சரி. ஆனால் இதன் பக்கத்தில் முதல் வகை வெள்ளரியை வளர்த்தால், தேனீ மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். விதை பிடித்து, காயின் நுனி உப்பிக் கோணிப்போகும்.

நன்றாகக் காயவைத்து, ஈரம் படாமல் குளுமையான இடத்தில் வைத்த வெள்ளரி விதை ஐந்து வருடம் வரைகூட முளைக்கும். அடுப்பங்கரையின் சூட்டிலும் ஆவியிலும் கிடந்த விதைக்கு அந்த ஆயுள் இல்லை. பழைய விதை என்று சந்தேகம் இருந்தால் பத்து விதையை ஈரத்துணியில் சுருட்டி, காற்றுப் புக இடம் விட்டு ஒரு டப்பாவில் போட்டு, வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். ஐந்து நாளில் ஏழு எட்டு முளைவிட்டால் தாராளமாக ஊன்றலாம். நான்குக்கும் கீழே என்றால் புது விதை வாங்குவது நல்லது. முளைத்தாலும் அந்த நாற்றுகள் வலுவற்றுத்தான் வரும்.

இனி முளைப்பு. பாதி விதை வராமல் போனதற்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது மண்ணின் சூட்டை. காற்றின் சூட்டைச் சொல்லவில்லை, விதை கிடக்கும் ஆழத்தில் மண்ணின் சூடு. 30 டிகிரி செல்சியஸில் வெள்ளரி மூன்று நாளில் தலைகாட்டும். 25 டிகிரியில் நான்கு நாள், 20 டிகிரியில் ஆறு நாள், 15 டிகிரியில் பதின்மூன்று நாள். 10 டிகிரியில் முளைக்கவே முளைக்காது. பதின்மூன்று நாள் ஈரமண்ணில் கிடக்கும் விதையில் பூஞ்சை முந்திக்கொள்ளும். தோண்டிப் பார்த்தால் உள்ளே கூழாகியிருக்கும். ஆகவே மண் 20 டிகிரியைத் தாண்டிய பிறகே நேரடியாக ஊன்றுங்கள். அவசரமென்றால் வீட்டுக்குள் சூடான இடத்தில் முளைக்கவைத்து நடுங்கள்.

விதையை நான்கு முதல் ஆறு மணி நேரம் சாதாரணத் தண்ணீரில் ஊறவைக்கலாம். கட்டாயம் இல்லை, ஒரு நாள் மிச்சமாகும், அவ்வளவே. இரவு முழுக்க ஊறப்போட்டு மறுநாள் மாலைவரை விட்டுவிட்டால் விதைக்குக் காற்று கிடைக்காமல் அழுகத் தொடங்கிவிடும். ஈரத்துணியில் முளைகட்டி ஊன்றுபவர்கள், வேர் அரை சென்டிமீட்டர் நீண்டதுமே மண்ணில் வைத்துவிட வேண்டும். இரண்டு சென்டிமீட்டர் வளரவிட்டு, வேர் துணி இழையில் சிக்கியதைப் பிய்த்தெடுத்தால் அதன் நுனி முறியும். முதல் தடங்கல் அங்கேயே விழுந்துவிடும்.

ஆழம் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர். விதையைப் படுக்கைவசமாக வையுங்கள். பூசணிக் குடும்பத்து நாற்றில், வேரும் தண்டும் சேரும் இடத்தில் சிறிய முளை போல ஒரு புடைப்பு உருவாகும். விதையோட்டின் கீழ்ப்பாதியை அது மண்ணோடு பிடித்துக்கொள்ள, வித்திலைகள் ஓட்டைவிட்டு உருவிக்கொண்டு மேலே வரும். மண் மிகவும் லேசாக இருந்தாலோ, விதை அரை சென்டிமீட்டர் ஆழத்திலேயே கிடந்தாலோ, மேல்மண் காய்ந்திருந்தாலோ அந்தப் பிடிமானம் கிடைக்காது. ஓடு தொப்பி போல இலையோடு மேலே வந்துவிடும். அப்படி வந்தால் உடனே பிய்க்காதீர்கள். ஓட்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, அரைமணி நேரம் கழித்து மெதுவாகத் தள்ளினால் கழன்றுவிடும். இதைத் தவிர்க்கவே ஊன்றிய பிறகு மண்ணை விரலால் லேசாக அழுத்திவிடச் சொல்கிறார்கள்.

நேரடியாக ஊன்றுவதா, நாற்றுவிட்டு நடுவதா? மண் சூடாக இருந்து, நத்தையும் எலியும் தொல்லை தராத இடமென்றால் நேரடியாக ஊன்றுவதே மேல். வேர் ஒரு முறையும் அசைவதில்லை. ஒரு குழிக்கு இரண்டு மூன்று விதை போட்டு, வித்திலைகளுக்கு அடுத்து முதல் உண்மையான இலை வந்ததும் வலுவான ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றைக் கத்தரியால் தரையோடு வெட்டுங்கள். பிடுங்கினால் நிற்கும் செடியின் வேரும் கூடவே வந்துவிடும். நாற்றுவிட்டால் ஏழு எட்டு சென்டிமீட்டர் அகலமுள்ள தொட்டி ஒவ்வொன்றிலும் ஒரு நாற்று. சின்னக் குழித்தட்டில் வேர் சீக்கிரம் சுருண்டுவிடும். காகிதத்தைச் சுருட்டிச் செய்த தொட்டியானால் அப்படியே மண்ணில் இறக்கலாம். ஆனால் காகித விளிம்பு மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது; திரி போல ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுவிடும்.

நாற்று இரண்டு உண்மை இலையோடு இருக்கும்போது நடுங்கள். வெயில் காலத்தில் ஊன்றிய 12 முதல் 18 நாளில் அந்தப் பக்குவம் வந்துவிடும். நான்கு வாரத்தைத் தாண்டி, கொடி வீசத் தொடங்கிய நாற்றை நடுவதைவிட அதே இடத்தில் புதிதாக ஒரு விதை ஊன்றுவதே மேல். தக்காளி நாற்றைப் போல் தண்டைப் புதைத்து நடாதீர்கள். வெள்ளரித் தண்டு மண்ணுக்குள் அழுகும். தொட்டியில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டம்தான். மாலையில் நட்டு, வேரைச் சுற்றி ஒரு லிட்டர் தண்ணீர் விடுங்கள். முதல் மூன்று நாள் மதிய வெயிலுக்கு நிழல் கொடுங்கள்.

முளைத்து வந்த நாற்று தண்டு இளைத்துச் சரிந்துவிட்டால் அது நாற்றழுகல். பித்தியம் முதலான பூஞ்சை போன்ற நுண்ணுயிரிகள் ஈரம் மிகுந்த, காற்றோட்டமில்லாத மண்ணில் செய்யும் வேலை. விழுந்த நாற்றை மீட்க வழியில்லை. பழைய தொட்டி மண்ணை நாற்றுக்குப் பயன்படுத்தாமல் இருப்பது, மேல்மண் சற்றுக் காயும்வரை காத்திருந்து தண்ணீரை அடியிலிருந்து ஏறவிடுவது, விதையை டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சைத் தூளில் ஒரு சிட்டிகை புரட்டி ஊன்றுவது ஆகிய மூன்றும் சேர்ந்தால் இந்தத் தொல்லை அநேகமாக வராது. நாற்று மெலிந்து நீண்டு வளர்கிறதென்றால் காரணம் நோய் இல்லை, வெளிச்சக் குறைவு. முளை தெரிந்த அன்றைக்கே வெயிலுக்கு மாற்றுங்கள்.

இடம் தேர்வு செய்யும்போது நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் நேர் வெயில் படும்படி பாருங்கள். மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு மேல், அதாவது 25 சென்டிமீட்டர்வரை பொலபொலப்பாக்கி, சதுர மீட்டருக்கு 4 அல்லது 5 கிலோ நன்றாக மக்கிய தொழு உரம் கலந்துகொள்ளுங்கள். மக்காத சாணம் வேண்டாம். கார அமிலத்தன்மை (pH) 6-க்கும் 7-க்கும் இடையில் இருந்தால் போதும். சென்ற இரண்டு ஆண்டுகளில் பூசணி, சுரை, பாகல், தர்பூசணி எதுவும் வளராத இடமாக இருந்தால் இன்னும் நல்லது.

தொட்டியில் வளர்ப்பவர்கள் ஒரு கொடிக்கு 20 லிட்டர் கொள்ளளவு, 30 சென்டிமீட்டர் ஆழம் என்பதில் சமரசம் செய்யாதீர்கள். செடி என்னவோ 10 லிட்டர் வாளியிலும் வளரும். ஆனால் காய்ப்பு நேரத்தில் காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். கசப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. தோட்ட மண், மக்கு உரம், தென்னைநார்க் கழிவு மூன்றும் சம அளவில் கலந்தால் ஈரமும் நிற்கும், வடிகாலும் இருக்கும்.

பந்தலை விதை ஊன்றும் முன்பே கட்டிவிடுங்கள். பிறகு கம்பு நடும்போது குத்துப்படுவது வேர்தான். ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் உயரம் போதும். வலையின் கண் 10 முதல் 15 சென்டிமீட்டர் இருக்க வேண்டும்; கை உள்ளே போக வேண்டும், காய் கண்ணில் மாட்டிக்கொள்ளக் கூடாது. பற்றுச்சுருள் மெல்லிய கயிற்றைத்தான் பிடிக்கும், தடித்த மூங்கிலைப் பிடிக்காது. நேராக நிற்கும் பந்தலில் செடிக்குச் செடி 30 சென்டிமீட்டர். தரையில் படரவிட்டால் 60 சென்டிமீட்டர், வரிசைக்கு வரிசை ஒன்றேகால் முதல் ஒன்றரை மீட்டர். வீட்டுத் தோட்டத்துக்குப் பந்தலையே சொல்வேன். காய் நேராக வளரும், மண் படாது, இலை சீக்கிரம் உலரும், பறிக்கும்போது ஒளிந்திருக்கும் காய் கண்ணில் படும்.

கிளை கிள்ளுவது பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள். ரகத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது அது. பெண் பூ மட்டும் பூக்கும் வீரிய ரகங்களும் பார்த்தினோகார்பிக் ரகங்களும் முதன்மைத் தண்டின் ஒவ்வொரு கணுவிலும் காய்க்கும். அவற்றில் கீழிருந்து நான்கைந்து கணுவரை பூவையும் பக்கக்கிளையையும் எடுத்துவிட்டு, ஒரே தண்டாக மேலே ஏற்றுங்கள். ஆண், பெண் இரண்டும் பூக்கும் சாதாரண ரகத்தில் முதன்மைத் தண்டில் ஆண் பூக்களே மிகுதி, பெண் பூ பக்கக்கிளைகளில்தான் அதிகம். அதில் பக்கக்கிளையை வெட்டினால் காயை வெட்டியதாகிவிடும். தரையை ஒட்டிய இரண்டு மூன்று கிளைகளைக் காற்றோட்டத்துக்காக எடுத்தால் போதும். நுனி பந்தல் உச்சியை எட்டியதும் கிள்ளிவிடுங்கள், பக்கக்கிளை வேகம் பிடிக்கும்.

தண்ணீர்தான் இந்தப் பயிரின் உயிர்நாடி. காயில் 95 சதவீதம் தண்ணீர். வேரோ பெரும்பாலும் மேல் 30 சென்டிமீட்டருக்குள்ளேயே நிற்கிறது. ஆழத்தில் ஈரம் இருந்தும் அதற்கு எட்டாது. மிதமான வானிலையில் வாரத்துக்குச் சதுர மீட்டருக்கு 25 லிட்டர், கடும் வெயிலில் 40 லிட்டர் வரை வேண்டியிருக்கும். மணற்பாங்கான மண்ணில் இதை மூன்று நான்கு தவணையாகப் பிரித்து விடுங்கள். 20 லிட்டர் தொட்டியில் காய்ப்பில் இருக்கும் கொடி வெயில் நாளில் 2 முதல் 4 லிட்டர் குடிக்கும். அளவைவிட ஒழுங்கு முக்கியம். விரலை ஐந்து சென்டிமீட்டர் விட்டுப் பாருங்கள்; அங்கே உலர்ந்திருந்தால் அன்றைக்கே தண்ணீர். மூன்று நாள் காயவிட்டு நான்காம் நாள் வெள்ளமாகக் கட்டுவது மொத்தக் கணக்கில் சரியாக வரலாம், வெள்ளரிக்கு வராது.

மதியம் இலை தொங்கியதும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். அகன்ற இலை ஆவியாக விடும் வேகத்துக்கு வேர் ஈடுகொடுக்க முடியாத நேரம் அது. மாலையில் தானாக நிமிரும். மண்ணைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். காலையிலேயே தொங்கியிருந்தால்தான் உண்மையான தாகம். மண் ஈரமாக இருந்தும் காலையில் தொங்கினால் வேரழுகலோ வாடல் நோயோ நூற்புழுவோ இருக்கும். அப்போது தண்ணீர் சேர்ப்பது நிலைமையை மோசமாக்கும். நாற்று ஒரு சாண் உயர்ந்ததும் வைக்கோல், காய்ந்த இலை ஏதாவது ஒன்றை ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் மூடாக்காகப் போடுங்கள். தண்டை ஒட்டி மட்டும் நான்கு விரல் இடைவெளி விடுங்கள்.

உரத்துக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கொடி வீசத் தொடங்கும்போது செடிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம், முதல் பெண் பூ தெரியும்போது மறுபடி, பிறகு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை. காய்ப்பு தொடங்கிய பிறகு சாம்பல் சத்து (பொட்டாசியம்) கூடுதலாக உள்ள உரம் நல்லது. இலை கரும்பச்சையாகப் பெரிதாகி, கொடி ஓடிக்கொண்டே இருந்து பெண் பூ வராவிட்டால் தழைச்சத்து (நைட்ரஜன்) மிஞ்சிவிட்டது என்று பொருள். ஒரு மாதம் உரம் போடுவதை நிறுத்துங்கள்.

இனி பிஞ்சு உதிர்வது. சாதாரண ரகத்தில் முதல் ஒன்று இரண்டு வாரம் ஆண் பூ மட்டுமே கொத்துக் கொத்தாகப் பூத்து விழும். அது கோளாறு இல்லை. ஆண் பூவின் காம்பு மெல்லியது. பெண் பூ பெரும்பாலும் ஒற்றையாக, பின்னால் விரல்நுனி அளவு குட்டி வெள்ளரியோடு இருக்கும். அந்தக் குட்டி இருப்பதாலேயே காய் பிடித்துவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். அது சூலகம்தான், மகரந்தம் சேர்ந்தால்தான் காயாகும். கடும் வெயிலும் நீண்ட பகலும் ஆண் பூவைக் கூட்டும். சற்றுக் குளிர்ந்த வானிலையும் குறுகிய பகலும் பெண் பூவைக் கூட்டும். ஒரே ரகம் ஒரு பருவத்தில் காய்த்துக் கொட்டி, இன்னொரு பருவத்தில் வெறும் பூவாக நிற்பது இதனால்தான்.

பெண் பூ விரிந்திருப்பது ஒரே ஒரு நாள். அந்த நாளின் காலைப் பொழுதில் அதற்கு மகரந்தம் கிடைக்க வேண்டும். அதன் சூல்முடி மூன்று மடலாக இருக்கும்; மூன்றிலும் பரவலாகப் படிந்தால் காய் நேராக வரும், ஒரு பக்கம் மட்டும் படிந்தால் கோணும். ஒரு தேனீ ஒரு முறை வந்து போனால் போதாது, எட்டுப் பத்து முறையாவது வர வேண்டும். உங்கள் கொடியில் காலை எட்டு மணிக்கு ஒரு கால்மணி நேரம் நின்று பாருங்கள். ஒரு தேனீயும் வரவில்லையென்றால் அந்த வேலை உங்களுடையது.

செய்முறை எளிது. அன்று விரிந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து இதழ்களைக் கிழித்துவிடுங்கள். நடுவில் மஞ்சள் தூளோடு தண்டு தெரியும். அதைப் பெண் பூவின் மூன்று மடலிலும் மெதுவாகத் தேயுங்கள். ஒரு ஆண் பூ இரண்டு பெண் பூவுக்கு வரும். காலை ஏழிலிருந்து பத்துக்குள் முடித்துவிடுங்கள். வெயில் ஏற ஏற மகரந்தத்தின் உயிர்ப்புக் குறையும். பலித்திருந்தால் இரண்டு நாளில் பிஞ்சு தடிக்கத் தொடங்கி, கீழ்நோக்கித் தொங்கும். பலிக்காதது நுனியிலிருந்து மஞ்சளாகி, நான்கைந்து நாளில் சுருங்கும்.

எல்லாப் பிஞ்சு உதிர்வுக்கும் மகரந்தமே காரணம் என்று சொல்லிவிடவும் கூடாது. தொடக்கத்திலிருந்தே ஒன்றுகூட நிற்கவில்லை, எல்லாம் இரண்டு மூன்று சென்டிமீட்டரிலேயே மஞ்சளாகிறது என்றால் மகரந்தக் குறைவு. நான்கைந்து காய் பிடித்து வளர்ந்துகொண்டிருக்கும்போது அடுத்து வருபவை மட்டும் உதிர்ந்தால், கொடி தன் சக்திக்குமேல் சுமக்க மறுக்கிறது. முற்றிய காய்களைப் பறித்தால் புதியவை நிற்கும். பார்த்தினோகார்பிக் ரகத்திலும் உதிர்ந்தால் வெளிச்சம், தண்ணீர், உரம் இந்த மூன்றில் ஒன்றில் குறை. பிஞ்சில் ஊசி குத்தியது போல் புள்ளியும் பிசினும் இருந்தால் பழ ஈ.

காயின் வடிவமும் சேதி சொல்லும். நுனி கூம்பிப் போனால் மகரந்தம் அரைகுறை, அல்லது தழைச்சத்துக் குறைவு. காம்புப் பக்கம் மெலிந்து நுனி உப்பினால் சாம்பல் சத்துக் குறைவு. நடுவில் இடுப்பு போல ஒடுங்கினால் வளரும்போது இடையில் சில நாள் தண்ணீர் தப்பியிருக்கிறது.

கசப்பு குக்குர்பிட்டசின் என்ற பொருளால் வருவது. பூசணிக் குடும்பச் செடிகள் தம்மைத் தின்ன வருபவற்றை விரட்ட இதைத் தயாரிக்கின்றன. இலையிலும் தண்டிலும் எப்போதும் இருக்கும். தண்ணீர்த் தட்டுப்பாடு, கடும் சூடு, திடீர்க் குளிர் என்று கொடி வருந்தும்போது அது காய்க்கும் ஏறுகிறது. காம்புப் பக்கத்திலும் தோலுக்குச் சற்று அடியிலும்தான் அதிகம் தங்கும். லேசான கசப்பென்றால் காம்புப் பக்கம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெட்டிவிட்டு, தோலைத் தடிமனாகச் சீவினால் மீதி நன்றாக இருக்கும். நாக்கில் வைத்ததுமே துப்பத் தோன்றும் கடும் கசப்பென்றால் முழுக் காயையும் எறிந்துவிடுங்கள். வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். மறுபடி தண்ணீர் ஒழுங்கானால் அதே கொடியில் அடுத்த காய்கள் கசக்காமல் வரும், கொடியைப் பிடுங்க வேண்டியதில்லை. கசப்பே இல்லாத மரபுக்கூறு கொண்ட ரகங்களும் உண்டு. ஒழுங்காகத் தண்ணீர் விட முடியாதவர்களுக்கு அதுதான் நல்ல தேர்வு.

பாகற்கொடி பக்கத்தில் இருந்ததால் வெள்ளரி கசந்தது என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. பாகல் வேறு பேரினம், வெள்ளரியோடு கலக்கவே கலக்காது. ஒரே பேரினமான முலாம்பழம்கூடக் கலப்பதில்லை. வெள்ளரிக்குக் குரோமோசோம் 14, முலாமுக்கு 24. அப்படியே வேறொரு வெள்ளரி ரகத்தோடு கலந்தாலும் அதன் விளைவு அந்த விதையை ஊன்றி வளரும் அடுத்த தலைமுறையில்தான் தெரியும்; இன்றைய காயின் சதை தாய்க்கொடியின் சதைதான்.

பூச்சிகளில் நாற்றுப் பருவத்தில் அஞ்ச வேண்டியது இலை தின்னும் வண்டுகளை, முக்கியமாகச் சிவப்புப் பூசணி வண்டை. இரண்டே நாளில் வித்திலையைச் சல்லடையாக்கிவிடும். விதை ஊன்றிய அன்றே மெல்லிய வலைத்துணியால் மூடி, முதல் பெண் பூ வரும்போது எடுத்துவிடுவதே மிகச் சிறந்த வழி. எடுக்க மறந்தால் தேனீயும் வராது. அசுவினிக்கு இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சினாலே பாதி போய்விடும். மீதிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் 2 மில்லி சோப்புக் கரைசலும் கலந்து, பூ மூடிய பிறகு மாலையில் தெளியுங்கள். முதலில் ஓர் இலையில் தெளித்து ஒரு நாள் பாருங்கள். வெள்ளரி இலை மென்மையானது, சில சோப்பு அதைச் சுட்டுவிடும். அசுவினியை அலட்சியம் செய்யாமல் இருக்க இன்னொரு காரணம், தேமல் நோயைப் பரப்புவது அதுதான். இலை மஞ்சளும் பச்சையுமாகச் சுருங்கி, காயில் கொப்புளம் தட்டினால் அந்தக் கொடிக்கு மருந்து இல்லை. பிடுங்கி அப்புறப்படுத்திவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு அடுத்த கொடியைத் தொடுங்கள்.

பழ ஈ பிஞ்சுக்குள் முட்டையிடுகிறது. புழு உள்ளே இருப்பதால் மேலே எது தெளித்தும் எட்டாது. பூ வாடியதும் பிஞ்சுக்குக் காகித உறை போடுவதும், குத்துப்பட்ட காய்களை ஒன்றுவிடாமல் பொறுக்கி அரை மீட்டர் ஆழத்தில் புதைப்பதும்தான் பலன் தரும். கியூலூர் என்ற கவர்ச்சிப் பொருள் வைத்த பொறி ஆண் ஈக்களை மட்டுமே பிடிக்கும். துணைக்கு வைக்கலாம், அதை மட்டும் நம்ப முடியாது.

நோய்களில் இரண்டைப் பிரித்தறியத் தெரிந்தால் போதும். சாம்பல் நோயில் இலையின் மேற்பரப்பில் மாவு தூவியது போல வெள்ளைப் படலம் வரும். இதற்கு இலை நனைய வேண்டிய அவசியம்கூட இல்லை, வறண்ட நாளிலும் வரும். அடிச்சாம்பல் நோயில் இலை நரம்புக்குள் அடைபட்ட மஞ்சள் கட்டங்கள் மேலே தெரியும், அடியில் சாம்பலும் ஊதாவும் கலந்த பூசணம் இருக்கும். இது இலை ஈரமாக இருக்கும் இரவுகளில் பரவும். முன்னதற்கு ஒரு பங்கு பாலும் ஒன்பது பங்கு தண்ணீரும் வாரம் ஒரு முறை, நோய் தொடங்கும்போதே தெளித்தால் கட்டுப்படும். கந்தகத் தூளும் கேட்கும், ஆனால் 32 டிகிரிக்கு மேல் தெளித்தால் இலை கருகும். பின்னதற்குப் பால் உதவாது. மாலையில் மேலே தண்ணீர் தெளிப்பதை நிறுத்தி, பாதித்த அடியிலைகளை எடுத்துக் காற்றோட்டம் கொடுங்கள். வேகமாகப் பரவினால் இருக்கும் காயைப் பறித்துக்கொண்டு கொடியை விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

பறிப்பு பூத்த எட்டாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள் வந்துவிடும். ஊறுகாய் ரகம் 5 முதல் 10 சென்டிமீட்டரிலும், நறுக்கித் தின்னும் ரகம் 15 முதல் 20 சென்டிமீட்டரிலும் பறிக்கலாம்; தோல் பச்சையாக, உள்ளே விதை மெல்லியதாக இருக்கும் நேரம். கத்தரியால் ஒரு சென்டிமீட்டர் காம்போடு வெட்டுங்கள், இழுத்தால் கொடி கிழியும். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டாயம் பாருங்கள். இலைக்குள் ஒளிந்த ஒரே ஒரு காய் மஞ்சளாக முற்றினாலும், விதை தயாராகிவிட்டது என்று கொடி புதிய பிஞ்சு விடுவதைக் குறைத்துக்கொள்ளும். பறித்ததைக் குளிர்பெட்டியின் அடியாழத்தில் வைக்காதீர்கள். 10 முதல் 12 டிகிரிதான் அதற்கு ஏற்றது. அதைவிடக் குளிர்ந்தால் சில நாளில் தோலில் பள்ளம் விழுந்து நீர் கோத்துக்கொள்ளும். கதவுப் பக்கத்து மேல்தட்டு பரவாயில்லை. பழுக்கும் வாழைப்பழத்தோடும் தக்காளியோடும் சேர்த்து வைத்தால் அவை விடும் எத்திலீன் வாயுவில் சீக்கிரம் மஞ்சளாகும்.

விதை எடுக்க விரும்பினால் வீரிய ஒட்டு ரகத்தில் எடுக்காதீர்கள், தாயைப் போல வராது. சாதாரண ரகத்தில் பெண் பூவை முந்தின நாள் மாலையிலேயே மெல்லிய துணியில் கட்டி, காலையில் அதே ரகத்து ஆண் பூவால் கையால் சேர்த்து மறுபடி கட்டிவிடுங்கள். அக்கம்பக்கத்து ரகம் கலக்காது. அந்தக் காயைக் கொடியிலேயே ஆழ்ந்த மஞ்சளோ பழுப்போ ஆகும்வரை விட்டு, பறித்தபின் பத்து நாள் நிழலில் வையுங்கள். விதையைச் சதையோடு வழித்து, சிறிது தண்ணீரில் இரண்டு நாள் புளிக்கவிட்டால் மேலே சுற்றியுள்ள வழவழப்புக் கரையும். மிதப்பதைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதைக் கழுவி, தட்டில் பரப்பி நிழலில் ஒரு வாரம் உலர்த்துங்கள். வளைத்தால் வளையாமல் முறியும் பக்குவம் வந்ததும் ரகத்தின் பெயரும் தேதியும் எழுதி மூடி வைக்கலாம். விதைக்காய் விட்ட கொடியில் உண்ணும் காய் குறையும் என்பதால் அதற்கென்று தனியாக ஒரு கொடியை ஒதுக்கிவிடுங்கள். மற்றவற்றைப் பறித்துக்கொண்டிருக்கும்போதே, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை இரண்டு குழியில் புதிதாக ஊன்றிவந்தால், பழைய கொடி சோரும்போது அடுத்தது காய்ப்புக்கு வந்திருக்கும்.